ஜப்பானில் நாலு ஊர் பார்க்க: பயணத் திட்டம் போடுவது எப்படி?

ஜப்பான் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததுமே ஒரு பட்டியல் தயாராகிவிடும். டோக்கியோ, புஜி மலை, கியோட்டோ, மான்கள் திரியும் நாரா, ஒசாகா, ஹிரோஷிமா, ஹிமேஜி கோட்டை. பிள்ளைகள் டிஸ்னிலாண்டைச் சேர்ப்பார்கள். "அவ்வளவு தூரம் போய்விட்டு ஹொக்கைடோவைப் பார்க்காமல் வருவதா?" என்று ஒரு மாமா கேட்பார். பட்டியல் போடுவதில் தப்பில்லை. அதையே திட்டம் என்று நினைத்துக்கொண்டு ஹோட்டல் தேட ஆரம்பிப்பதில்தான் வம்பு.

பல ஊர் சுற்றும் பயணத்தைக் கணக்கிட வேண்டியது இரவுகளால். எந்த ஊரில் எத்தனை இரவு படுக்கப் போகிறோம் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டால் விமான டிக்கெட், ஹோட்டல், ரயில், செலவு எல்லாம் அதன் பின்னால் வரிசையில் வந்து நிற்கும். அதை எழுதாமல் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். இதை ஜப்பானை வைத்தே விளக்குகிறேன். டூர் கம்பெனி இல்லாமல் தானே திட்டமிட்டுப் போக நினைப்பவருக்கு அது தோதான நாடு: ரயில் சொன்ன நிமிடத்துக்கு வரும், அறிவிப்புப் பலகைகளில் ஆங்கிலமும் இருக்கும், ராத்திரி பத்து மணிக்கும் தெருவில் பயமில்லாமல் நடக்கலாம்.

இரவுக் கணக்கு

பத்து இரவு கைவசம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலண்டரில் பார்த்தால் பதினோரு நாள். ஆனால் முதல் நாள் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, ஊருக்குள் போய்ச் சேரவே சரியாகிவிடும். நரிட்டா விமான நிலையத்திலிருந்து டோக்கியோ நகருக்கு ரயிலிலேயே ஒரு மணி நேரம். கடைசி நாள் விமானத்துக்குக் கிளம்பும் நாள். ஆக, கையில் நிற்பது ஒன்பது முழு நாள்.

இந்த ஒன்பதிலிருந்து ஊர் மாறும் ஒவ்வொரு தடவைக்கும் அரை நாள் கழித்துக்கொள்ளுங்கள். அரை நாளா, ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில்தான் இருக்கிறதே என்று தோன்றும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஷின்கான்சென்களில் வேகமான நொசோமி ரயில் அதை இரண்டே கால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. உண்மைதான். ஆனால் அந்த நாளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

காலை எட்டுக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குப் பெட்டி கட்டத் தொடங்கினால், முந்தின நாள் வாங்கிய பொம்மை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது. பத்துக்கு ஹோட்டலைக் காலி செய்கிறீர்கள். உள்ளூர் ரயிலில் டோக்கியோ ஸ்டேஷன் வந்து, அந்தப் பிரம்மாண்டமான கட்டிடத்துக்குள் ஷின்கான்சென் வாசலைக் கண்டுபிடித்து, வழியில் சாப்பிட ஏதாவது வாங்கி, பிளாட்பாரத்தில் நிற்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். 11:30 ரயில் என்றால் கியோட்டோவில் இறங்கும்போது பகல் ஒன்றே முக்கால். அங்கிருந்து ஹோட்டலுக்கு அரை மணி. ஜப்பானில் பெரும்பாலான ஹோட்டல்களில் மாலை மூன்று மணிக்குத்தான் அறை கொடுப்பார்கள். பெட்டியை வரவேற்பில் விட்டுவிட்டு வெளியே வரும்போது இரண்டரை. கியோட்டோவின் பல கோயில்களுக்கு நாலரை, ஐந்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள். அன்று ஒரு கோயில் பார்த்தால் அதிகம்.

இரண்டேகால் மணி நேர ரயில் ஒரு பகலைத் தின்றது இப்படித்தான். பத்து இரவுக்கு ஆறு ஹோட்டல் என்று போட்டால், ஐந்து முறை ஊர் மாற வேண்டும். இரண்டரை நாள் பெட்டி இழுப்பதிலேயே போகும். ஒன்பதில் மிச்சம் ஆறரை. அதை ஆறு ஊருக்குப் பங்கு போட்டால் என்ன கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு நான் சொல்லும் அளவு: மூன்று இரவுக்கு ஒரு ஹோட்டல் மாற்றம், அதற்கு மேல் வேண்டாம். பத்து இரவென்றால் மூன்று ஹோட்டல்.

ஒரு ஊரில் தங்கி, பக்கத்து ஊர்களைப் பார்த்துத் திரும்புவது

அப்படியானால் நாராவையும் ஹிமேஜியையும் விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். வேண்டாம். பார்க்கும் ஊரிலெல்லாம் படுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓர் ஊரை இருப்பிடமாக வைத்துக்கொண்டு, காலையில் கைப்பையோடு கிளம்பி, பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு ராத்திரி அதே கட்டிலுக்கு வந்துவிடலாம். டே ட்ரிப் என்பது இதுதான். கல்யாண வீட்டுக்கு வெளியூர் போனவர்கள் பெரியம்மா வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுச் சுற்றியுள்ள கோயில்களையெல்லாம் பார்த்து வருவார்களே, அதே ஏற்பாடு.

ஜப்பானின் மேற்குப் பகுதி இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். கியோட்டோவில் தங்கினால் நாரா முக்கால் மணி நேரம். ஒசாகா, சாதாரணக் கட்டணத்திலேயே ஓடும் வேக ரயிலில் அரை மணி. அறுநூறு யென் அளவில் டிக்கெட். ஒசாகாவிலிருந்து ஹிமேஜி ஒரு மணி நேரம். ஹிரோஷிமாகூட, ஒசாகாவின் ஷின்கான்சென் நிலையமான ஷின்-ஒசாகாவிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். டோக்கியோவில் இருந்தால் காமகுராவும் நிக்கோவும் ஒரு நாளில் போய்வரும் தூரம்.

இந்தக் கணக்கில் பத்து இரவை இப்படிப் பிரிக்கலாம்: டோக்கியோ 4, கியோட்டோ 4, ஒசாகா 2. பார்க்கும் ஊர்களோ டோக்கியோ, காமகுரா, கியோட்டோ, உஜி, நாரா, ஒசாகா, பிறகு ஹிமேஜி அல்லது ஹிரோஷிமா. ஏழு ஊர், மூன்று கட்டில்.

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அரை மணிதான் என்றால் இரண்டில் ஒன்றிலேயே ஆறு இரவும் தங்கலாமே? தாராளமாக. ஒசாகாவில் அறை வாடகை பல நேரங்களில் குறைவு, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அந்த ஊர்தான். ஆனால் கியோட்டோவின் அழகு விடியற்காலையில் இருக்கிறது என்பது என் கட்சி. ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரண வாயில்கள் மலையேறும் புஷிமி இனாரிக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, கதவு சாத்தும் நேரமும் இல்லை. கியோமிசுதெரா கோயில் காலை ஆறுக்கே திறந்துவிடும். பத்து மணிக்குப் போனால் மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும். ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டுமானால் கியோட்டோவிலேயே தூங்கி எழ வேண்டும்.

ஹிரோஷிமா விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். போய்த் திரும்ப ஒரு பகல் போதும். அணுகுண்டு விழுந்த இடத்துக்கு அருகில் எலும்புக்கூடாக நிற்கும் கட்டிடம், அமைதி நினைவு அருங்காட்சியகம் இரண்டையும் பார்த்துவிடலாம். அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும் உடனே இன்னோர் இடத்துக்கு ஓடிப் படம் எடுக்கத் தோன்றாது, அது வேறு கதை. மியாஜிமா தீவையும் சேர்த்துப் பார்க்க ஆசை இருந்தால் ஓர் இரவு அங்கே ஒதுக்குவதே மேல். அந்தத் தீவின் கடலில் நிற்கும் பெரிய தோரண வாயில், கடல் ஏறும்போது தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரியும்; வற்றும்போது அதன் காலடி வரை நடந்தே போகலாம். அன்றைய ஏற்ற இறக்க நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போனால்தான் எது வேண்டுமோ அது கிடைக்கும்.

ஒரே கோட்டில் போங்கள், திரும்பி வராதீர்கள்

வரைபடத்தை விரித்து, இரவு தங்கும் ஊர்களை மட்டும் புள்ளி வைத்து இணையுங்கள். கோடு ஒரே திசையில் போக வேண்டும். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா மூன்றும் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு கோட்டில் வருகின்றன. 1964 அக்டோபரில் திறந்த முதல் ஷின்கான்சென் பாதையும் அதே கோடுதான்.

இங்கேதான் விமான டிக்கெட் குறுக்கே வருகிறது. டோக்கியோ போய்ச் சேர்ந்து டோக்கியோவிலிருந்தே திரும்புவதாக டிக்கெட் எடுத்துவிட்டால், கடைசியில் ஒசாகாவிலிருந்து மறுபடி டோக்கியோ வர வேண்டும். ஒருவருக்கு 14,000 யென்னுக்கு மேல் செலவு, அரை நாள் நஷ்டம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. அதற்குப் பதிலாக டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவுக்கான கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்புவதாக எடுக்கலாம். டிக்கெட் தளங்களில் 'மல்ட்டி சிட்டி' என்ற தெரிவுக்குள் இது கிடைக்கும். ஏஜெண்டுகள் 'ஓப்பன் ஜா' என்பார்கள். போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் விலை கூடிவிடும், ஒரே முன்பதிவாக எடுங்கள். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போகிறவர்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக மாறிப் போகும்போது இது சுலபம்: அந்த ஊர்களிலிருந்து டோக்கியோவுக்கும் விமானம் உண்டு, ஒசாகாவுக்கும் உண்டு. விலை சாதாரணப் போக-வர டிக்கெட்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், மிச்சமாகும் ரயில் காசையும் அரை நாளையும் வைத்துப் பாருங்கள்.

எந்த முனையில் தொடங்குவது என்பது உங்கள் விருப்பம். மேற்கில் தொடங்கி டோக்கியோவில் முடித்தால் கடைசி இரண்டு நாளைக் கடைத்தெருவுக்கு விடலாம். வாங்கிய சாமான்களை ஊர் ஊராகச் சுமக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கொஞ்சம் வித்தியாசமான கோடு வேண்டுமானால் வடக்கே வளைந்து போகலாம். டோக்கியோவிலிருந்து கனசாவா ஷின்கான்சென்னில் இரண்டரை மணி நேரம். 2015இல் அந்தப் பாதை கனசாவா வரை வந்தது, 2024 மார்ச்சில் சுருகா வரை நீண்டது. சுருகாவில் தண்டர்பேர்ட் ரயிலுக்கு மாறினால் கியோட்டோ. கென்ரொகுஎன் தோட்டமும் பழைய சாமுராய் தெருக்களும் கொண்ட கனசாவாவில் இரண்டு இரவு தங்க, டோக்கியோவில் ஒன்றும் கியோட்டோவில் ஒன்றும் குறைத்துக்கொள்ள வேண்டும். இரவுக் கணக்கில் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும்.

ரயில் பாஸ் லாபமா?

ஜப்பான் என்றதும் "முதலில் ஜேஆர் பாஸ் வாங்கு" என்பார்கள். நாடு முழுக்க ஜேஆர் நிறுவனங்களின் ரயில்களில் ஏறிச் சுற்ற, வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் பாஸ் அது. ஒரு காலத்தில் அது சரியான ஆலோசனை. ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆனது. நூறு யென்னை ஐம்பத்தைந்து, அறுபது ரூபாய் என்று வைத்தால் தலைக்கு முப்பதாயிரம் ரூபாய் அளவில் வரும். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இன்றும் பலர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள்.

நம் கோட்டுக்குக் கணக்குப் போடுவோம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ நொசோமியில் சுமார் 14,000 யென். கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா ஒரு வழிக்கு 11,500 அளவில்; போக வர 23,000. மொத்தம் 37,000. நாரா, ஒசாகா போன்ற சில்லறைப் பயணங்களைச் சேர்த்தாலும் 50,000 வராது. டோக்கியோவுக்கே திரும்பி வந்தாலும், கியோட்டோ, ஹிரோஷிமா, டோக்கியோ என்று ஒரு சுற்று 45,000 அளவில்தான் நிற்கும். போதாக்குறைக்கு அந்தப் பாஸை வைத்து நொசோமியில் ஏறக் கூடுதல் கட்டணம் வேறு. ஆகவே முதல் பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட்டே போதும்.

ஆனால் வட்டாரப் பாஸ்கள் வேறு விஷயம். கியோட்டோ, ஒசாகா, நாரா அடங்கிய கான்சாய் வட்டாரத்தையும் ஹிரோஷிமாவையும் சேர்த்து மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனம் தரும் ஐந்து நாள் பாஸ் சுமார் 17,000 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போய்வரும் ஷின்கான்சென், மியாஜிமா படகு, கான்சாய் விமான நிலைய ரயில் எல்லாம் அதற்குள் அடங்கும். ஹிரோஷிமா போக வரவே இருபதாயிரத்தைத் தாண்டும் என்பதால் அந்தப் பயணத்திலேயே போட்ட காசு வந்துவிடும். கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் நடுவே மட்டும் ஷின்கான்சென்னில் இது செல்லாது, சாதாரண ரயிலில்தான் வர வேண்டும்.

எந்தப் பாஸானாலும் இதே முறைதான். போகப்போகும் பயணங்களை எழுதி, ஒவ்வொன்றின் கட்டணத்தையும் போட்டுக் கூட்டி, பாஸ் விலையோடு ஒப்பிட வேண்டும். பாஸ் வாங்கிவிட்டோமே என்பதற்காக ஊர்களைச் சேர்க்கத் தொடங்கினால் இரவுக் கணக்கு கெட்டுவிடும்.

ஊருக்குள் சுற்ற சுய்க்கா, இகோகா போன்ற கார்டு ஒன்று போதும். ஒன்றில் காசு ஏற்றிவிட்டால் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா எல்லா இடத்திலும் ரயில், பஸ், தெருமுனைக் கடை வரை செல்லும். ஐபோனில் இதை ஏற்றிக்கொள்ளலாம். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் முடியாது, கார்டாகவே வாங்க வேண்டும்.

பெட்டிகளைத் தனியே அனுப்புங்கள்

ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்ததிலேயே சுற்றுலாப் பயணிக்கு மிகவும் உதவுவது ஷின்கான்சென் அல்ல, தக்கியூபின் என்றே சொல்வேன். ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்து, அடுத்த ஊர் ஹோட்டல் முகவரியை ஒரு படிவத்தில் எழுதினால் போதும். பெரும்பாலும் மறுநாள் பெட்டி அங்கே போய் உட்கார்ந்திருக்கும். பெட்டியின் அளவைப் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும்.

இதன் பயன் காசைவிட வழித்தடத்தில் தெரியும். புஜி மலையைப் பார்க்க ஹகோனே போக நினைக்கிறீர்கள். வெந்நீர் ஊற்றுகளும் ஆஷி ஏரியும் கொண்ட மலையூர் அது. மலை ரயில், கேபிள் கார், ரோப்வே, படகு என்று மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். பெரிய பெட்டியோடு அதைச் செய்ய யாராலும் ஆகாது. டோக்கியோவிலிருந்து காலையில் பெட்டியை நேரே கியோட்டோ ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஒரு மாற்றுத் துணியோடு முதுகுப்பையில் ஹகோனே போய் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் ஒதவரா ஸ்டேஷனில் ஷின்கான்சென் ஏறி கியோட்டோ வந்தால், அறைக்குள் பெட்டி உங்களுக்கு முன்னால் வந்திருக்கும். ஹகோனே ஏற்கெனவே டோக்கியோ-கியோட்டோ கோட்டிலேயே இருப்பதால் வழி விலகுவதுமில்லை. இப்படி ஓர் இரவு தங்கலை மூன்றுக்கு ஒரு மாற்றம் என்ற என் அளவுக்குள் நான் சேர்ப்பதில்லை, பெட்டி இழுக்காத மாற்றம் பாதி மாற்றம்தான்.

பெட்டியைக் கூடவே கொண்டு போவதானால் ஒன்றைக் கவனியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேல் போனால், டோக்கியோ-கியோட்டோ-ஹிரோஷிமா பாதையின் ஷின்கான்சென்களில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டி வரும். சீட்டு எடுக்கும்போதே, டோக்கியோவிலிருந்து போகிறவர்கள் வலப்பக்கத்து E சன்னலைக் கேளுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், மேகம் விட்டால், புஜி மலை அந்தப் பக்கம்தான் வரும். குளிர்காலக் காலைகளில் தெளிவாகத் தெரியும். கோடையில் பல நாள் முகமே காட்டாது.

ஒரு நாளுக்குள் எதை எதோடு சேர்ப்பது

ஊருக்குள்ளும் அதே விதிதான், ஒரே கோட்டில் இருப்பவற்றை ஒரே நாளில் முடியுங்கள். டோக்கியோவில் அசகுசாவின் சென்சோ-ஜி கோயிலும் உஎனோ பூங்காவின் அருங்காட்சியகங்களும் பக்கம் பக்கம். மெய்ஜி ஆலயம், ஹரஜுகு, ஷிபுயா நடந்தே போகும் தொடர்ச்சி. இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் போட்டுக் குழப்பாமல் ஆளுக்கொரு நாள் கொடுங்கள். ஹோட்டலை யமனோதே வட்ட ரயில் பாதையின் ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எடுத்தால் எங்கே போவதும் எளிது. உஎனோ பக்கம் வாடகையும் கொஞ்சம் மட்டு.

கியோட்டோவில் கவனம் இன்னும் அதிகம் தேவை. தங்கக் கோயில் கின்ககு-ஜி வடமேற்கு மூலையில், கின்ககு-ஜியோடு பலர் குழப்பிக்கொள்ளும் வெள்ளிக் கோயில் வடகிழக்கில், மூங்கில் தோப்புள்ள அரஷியாமா மேற்கே, புஷிமி இனாரி தென்கிழக்கே. சுரங்க ரயில் பாதைகள் இரண்டே இரண்டு, பஸ்கள் நெரிசலில் ஊர்ந்துதான் போகும். நாலையும் ஒரே நாளில் தொட நினைத்தால் பஸ் சன்னல் வழியாகத்தான் கியோட்டோவைப் பார்ப்பீர்கள்.

ரயில் பாதையை வைத்துச் சேர்த்தால் ஒரு நல்ல நாள் கிடைக்கும். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நாரா போகும் பாதையில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. விடிந்ததும் அங்கே இறங்கித் தோரண வாயில்களுக்குள் ஏறி இறங்குங்கள். அதே பாதையில் இன்னும் போனால் உஜி. பச்சைத் தேயிலைக்குப் பேர் போன ஊர். அங்கே குளத்தின் நடுவே நிற்கும் பியோதோ-இன் கோயில் மண்டபம்தான் உங்கள் பையிலுள்ள பத்து யென் நாணயத்தில் இருப்பது. அதையும் தாண்டினால் நாரா. ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் பிஸ்கட்டுக்கு வந்து முட்டும், கையில் காகிதம் இருந்தால் அதையும் தின்னும். தோதை-ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைச் செய்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. சிலை பின்னாளில் தீயில் சேதப்பட்டுப் பலமுறை செப்பனிடப்பட்டது, இருந்தாலும் அதன் முன்னே நிற்கும்போது நம் பக்கத்து ஆள் ஒருவர் அத்தனை காலத்துக்கு முன்பே கடல் கடந்து வந்து தூரிகை பிடித்தாரே என்று நினைக்காமல் இருக்க முடியாது.

மூடும் நாட்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை. அன்று அரசு விடுமுறை வந்தால் திங்கள் திறந்து செவ்வாய் மூடுவார்கள். ஊர் மாறும் நாளைத் திங்களில் போட்டால் அந்த நஷ்டம் கண்ணில் படாது.

எப்போது போவது, எப்போது கூடாது

டோக்கியோவிலும் கியோட்டோவிலும் சகுரா என்ற செர்ரி மரங்கள் பூப்பது மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். இலைகள் சிவப்பது கியோட்டோவில் நவம்பர் நடுவிலிருந்து கடைசிவரை. அழகான காலம், அதனாலேயே ஹோட்டல் விலை எகிறும் காலம். ஜூனில் மழைக்காலம் தொடங்கும். நம் பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் பலர் ஏப்ரல் கடைசியில் கிளம்பப் பார்க்கிறார்கள். அங்கேதான் கோல்டன் வீக் காத்திருக்கிறது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களே ஊர் ஊராகக் கிளம்பும் விடுமுறை அது. ஆகஸ்ட் நடுவில் வரும், முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு இரண்டும் அப்படித்தான். இந்த மூன்று காலங்களிலும் நொசோமி ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. மே இரண்டாவது வாரம் கிளம்பினால் அதே வெயில், பாதிக் கூட்டம். ஆகஸ்டின் புழுக்கம் சென்னைக்காரரையே அசத்திவிடும்.

சாப்பாட்டையும் திட்டத்தில் எழுதுங்கள்

அசைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். சைவர்களுக்கு ஜப்பானில் இடைஞ்சல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. தாஷி என்ற சாறுதான் அங்கே பாதிச் சமையலுக்கு அடிப்படை. அது பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுப்பது. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும், டோஃபுவின் மேல் ஊற்றும் குழம்பிலும் அது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது. மீன், மீன் சாறு, முட்டை என்று எது எது வேண்டாமோ அதை ஜப்பானிய மொழியில் எழுதிய ஒரு குறிப்பைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

புத்த மடங்களின் ஷோஜின் ரியோரி முழுச் சைவம். கியோட்டோவில் அரஷியாமாவின் தென்ரியூ-ஜி கோயிலில் கிடைக்கும். ஒசாகாவிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் மலைமேலிருக்கும் கோயா-சானில் மடத்திலேயே தங்கிச் சாப்பிடலாம். அவசரத்துக்குத் தெருமுனைக் கடைகளில் ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். டோக்கியோவிலும் ஒசாகாவிலும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை. மற்ற ஊர்களில் தேடித்தான் போக வேண்டும். எனவே ஒவ்வொரு நாள் தாளிலும் மதியம் எங்கே, ராத்திரி எங்கே என்று வரைபடத்தில் ஒரு குறி வையுங்கள். பல உணவகங்கள் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பை அணைத்து ஐந்துக்குத்தான் மறுபடி ஏற்றும். ஹகோனே, மியாஜிமா போன்ற சிற்றூர்களில் சாயங்காலமே கடைகள் மூடிவிடும்.

எதை முதலில் பதிவு செய்வது

இரவுக் கணக்கு முடிந்த கையோடு விமான டிக்கெட். அடுத்து ஹோட்டல், பணம் பிடிக்காமல் ரத்து செய்ய வழியுள்ள அறைகளாக எடுங்கள், சனிக்கிழமை ராத்திரி விலை கூடும் என்பதையும் பாருங்கள். மூன்று பேர் குடும்பத்துக்கு ஒரே அறை கிடைப்பது அங்கே கொஞ்சம் அரிது. பாரம்பரிய ரியோகான் விடுதிகளில் வாடகை அறைக்கு அல்ல, ஆள் கணக்கில். காலை, ராத்திரிச் சாப்பாடு சேர்ந்தே இருக்கும் என்பதால் சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும்.

பிறகு விசா. ஜப்பான் விசாவுக்கு எந்தத் தேதியில் எங்கே இருப்பீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று நாள்வாரியாக ஓர் அட்டவணை கேட்பார்கள். மற்றவர்கள் அந்தப் படிவத்தைப் பார்த்துத் தலையைச் சொறியும்போது நீங்கள் உங்கள் தாளைப் பார்த்து எழுதிவிட்டு வரலாம்.

ஷின்கான்சென் சீட்டு பொதுவாகப் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை பத்துக்குத் திறக்கும். விடுமுறைக் காலம் இல்லையென்றால் அவசரமே இல்லை, நொசோமி சில நிமிடங்களுக்கு ஒன்று ஓடுகிறது. கார்ட்டூன் படங்களுக்குப் பேர் போன கிப்லி ஸ்டூடியோவின் டோக்கியோ அருங்காட்சியகம் மட்டும் வேறு ரகம்: வாசலில் டிக்கெட் விற்பதில்லை, ஒவ்வொரு மாதம் 10ஆம் தேதியும் அடுத்த மாதத்துக்கானது விற்பனைக்கு வரும், வேகமாகத் தீர்ந்துவிடும். கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். சிறு கோயில்களில் கார்டு எடுக்க மாட்டார்கள், கையில் நாணயம் வேண்டும். செவன் இலெவன் கடைகளின் ஏடிஎம்மில் நம் கார்டுக்குப் பணம் வரும்.